ஜந்தார்க் மிச்சம் வைத்த தட்டு

ஸ்வீடனிலிருந்து கொழுந்தன் குடும்பம் வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்தே ஷமிரானுக்குத் தூக்கம் போய்விட்டது. கொழுந்தன் ஒதீஷோவைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. எதைப் போட்டாலும் சாப்பிடுவான், எங்கே படுக்கச் சொன்னாலும் குறட்டை விடுவான். அவன் மனைவி ஜந்தார்க்தான் அவள் கவலை.

போன முறை வந்தபோது, கிறிஸ்துமஸ் காலையில் ஷமிரான் பரிமாறிய பாச்சாவை ஜந்தார்க் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டாள். ஒதுக்கியதோடு நிற்காமல் தட்டின் மேல் ரொட்டியை வேறு போட்டு மூடினாள். பாச்சா என்ன சாமானியச் சமையலா? ஆட்டுத் தலையையும் காலையும் மயிர் போகச் சுரண்டி, போட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவி, அதைச் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து, அரிசியும் கறியும் அடைத்து, விடிய விடிய வேகவைக்க வேண்டும். அங்காவா ஊரில் ஷமிரான் கைப்பாச்சாவுக்கு ஒரு பேர் உண்டு. அதை ஒருத்தி ரொட்டியால் மூடினாள். வருஷங்கள் ஆகியும் அந்த ரொட்டி ஷமிரானின் கண்ணை விட்டு அகலவில்லை.

அதனால் இந்த முறை ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று இறங்கினாள். திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தாள். கம்பளங்களை மொட்டை மாடிக்கு இழுத்துப் போய்க் குளிர் நீரில் தேய்த்தாள். கூடத்தில் குளிர்காய வைத்திருக்கும் மண்ணெண்ணெய் அடுப்பைக்கூடப் பளபளக்கத் துடைத்தாள்.

"அவங்க நம்மளப் பாக்க வராங்க ஷமிரான், திரைச்சீலையப் பாக்க இல்ல" என்றார் கணவர் பெஹ்னாம்.

"நீங்க சும்மா இருங்க. ஆம்பளைங்களுக்குத் தட்டு மட்டும்தான் தெரியும். பொம்பளைங்க மூலை முடுக்கெல்லாம் பாப்பாங்க."

நெஞ்சில் ஏதோ அழுத்துகிறது என்று அவருக்குத் தெரியாமல் டாக்டரிடம் போய் வந்தாள். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார். இதயத்தில் கோளாறு இல்லை, பிரஷர்தான் ஏறியிருக்கிறது என்றார்.

"வீட்டுல என்ன விசேஷம்?"

"கிறிஸ்துமஸ் வருதே டாக்டர்."

"அது எல்லார் வீட்டுக்கும்தான் வருது. உங்க வீட்டுல மட்டும் ஏம்மா இவ்வளவு பிரஷர்?"

கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொன்னார். ஷமிரான் மாத்திரையை வாங்கிக்கொண்டு, வழியில் மூன்று கிலோ பேரீச்சம்பழமும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

கிறிஸ்துமஸ் பலகாரமான கிலேச்சா சுடும் நாளில் வழக்கம்போல் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். மாவைத் தேய்ப்பதும், பேரீச்சம்பழத்தை வைத்துச் சுருட்டுவதும், ஊர்க்கதை பேசுவதுமாக அந்த வேலை மற்ற வருஷங்களில் பாதி வேலை, பாதித் திருவிழா. இந்த வருஷம் ஷமிரான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு நஜீபா தேய்த்த மாவைத் தூக்கிப் பார்த்தவள், அவள் கையிலிருந்து கட்டையையே பிடுங்கினாள்.

"இது கிலேச்சாவா, செங்கல்லா? இத எப்படி வெளிநாட்டுக்காரங்க முன்னால வைக்கிறது?"

வேறொரு நாளாக இருந்தால் நஜீபாவே சிரித்திருப்பாள். அன்றைக்கு அவள் கையைத் துடைத்துக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மற்ற பெண்களும் ஒவ்வொருவராக ஏதோ சாக்குச் சொல்லிக் கிளம்பினார்கள். மீதி மாவை ஷமிரான் தனியாகத் தேய்த்துச் சுட்டு முடித்தாள்.

விருந்தாளிகள் வந்து சேர்ந்தார்கள். கட்டிப்பிடித்தல், கண்ணீர், பெட்டி பெட்டியாகச் சாக்லேட். ஜந்தார்க் கொஞ்சம் மெலிந்திருந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்து, "எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க அக்கா!" என்றாள். ஷமிரான் அதில் கிண்டல் இருக்கிறதா என்று தேடினாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் மாலையில் கொளுத்தப்போகும் கிறிஸ்துமஸ் நெருப்புக்கு முள் விறகு அடுக்க மாதா கோயில் முற்றத்துக்குப் போயிருந்தார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து பழைய கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுக்களையில் ஷமிரான் போட்டியைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஊசி விரலில் ஏறியது. ரத்தத்தைக் கழுவிவிட்டு மறுபடி தைத்தாள். மறுபடி ஏறியது. கை நடுங்குவதை அப்போதுதான் கவனித்தாள். நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்தது போல இருந்தது. மூச்சை இழுத்தாள், போதவில்லை. இன்னும் இழுத்தாள். சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

தண்ணீர் குடிக்க வந்த ஜந்தார்க் அவளைப் பார்த்தாள். அலறவில்லை, ஆண்களைக் கூப்பிடவும் இல்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு அவள் பக்கத்தில், அந்த ஈரத் தரையிலேயே, நல்ல உடுப்போடு உட்கார்ந்தாள்.

"மூச்ச இழுக்காதீங்கக்கா. விடுங்க. ஊதுற மாதிரி மெதுவா விடுங்க. நான் கூடவே இருக்கேன்."

"செத்துருவேன் போல இருக்கு."

"சாக மாட்டீங்க. சாகப்போற மாதிரிதான் இருக்கும். எனக்கு வருஷா வருஷம் வருது."

குளிர்காற்று முகத்தில் அடித்தது. இருவரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஷமிரானின் கை நடுக்கம் நின்றது. டாக்டர் சொன்னதையும் அவளாகவே சொல்லிவிட்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

ஜந்தார்க் எழுந்து கூடத்துக்குப் போனாள். ஷமிரானுக்கு அவள் குரல் தெளிவாகக் கேட்டது. "ரெண்டு பேரும் எந்திரிங்க. கையக் கழுவிட்டு அடுக்களைக்கு வாங்க. அக்காவுக்கு உடம்பு முடியல. நாங்க வெளிய போறோம். போட்டிய நீங்க தைங்க."

"நாங்களா?" என்றான் ஒதீஷோ.

"ஏன், ஊசி உங்களக் கடிக்குமா?"

பெஹ்னாம் அடுக்களை வாசலுக்கு ஓடி வந்தார். மனைவியின் வெளுத்த முகத்தைப் பார்த்தார். கோட்டை எடுத்து அவள் தோளில் போட்டு, பித்தானைத் தப்புத் தப்பாக மாட்டிவிட்டு, கார் சாவியை ஜந்தார்க் கையில் கொடுத்தார்.

ஜந்தார்க்தான் ஓட்டினாள். கடைத்தெரு முனையில் கொண்டைக்கடலை வேகவைத்து விற்கும் வண்டி நின்றது. ஆவி மழையில் கலந்து தெருவையே மணக்க வைத்தது. இரண்டு கிண்ணம் வாங்கி, நாரத்தம்பழத்தைப் பிழிந்து, காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, வெளியே ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் அடுப்பு, பாத்திரம், ஆண்கள் என்று ஷமிரானின் மனம் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தது. பிறகு சூடான சாறு தொண்டையில் இறங்கியதும் அதுவும் ஓய்ந்து உட்கார்ந்தது.

"அங்க டிசம்பர்ல மத்தியானமே இருட்டிடும்" என்றாள் ஜந்தார்க். "அந்த இருட்டுல ஊர்ப்பட்ட சனத்துக்கு நான் சமைக்கணும். நம்மாளுங்க எல்லாம் எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. ஒரு வருஷம் ஃப்ரிட்ஜுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு அழுதேன். ஒதீஷோ வந்து, 'என்ன தேடுற, தயிரா?'ன்னு கேட்டாரு."

ஷமிரானுக்குப் புரை ஏறியது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவளுக்கு, இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க மாட்டோம் என்று தோன்றியது.

"போன தடவ நான் வச்ச பாச்சாவ ஏன் ஒதுக்கின?"

ஜந்தார்க்கின் கை கிண்ணத்திலேயே நின்றது. "பாத்தீங்களா?"

"மேல ரொட்டி போட்டு மூடினதயும் பாத்தேன்."

"ஐயோ! இத்தன வருஷமா இத மனசுல வச்சுக்கிட்டா இருந்தீங்க?"

"சொல்லு."

"எனக்கு அது பிடிக்காதுக்கா. சின்ன வயசுலேருந்தே பிடிக்காது. நம்ம மாமியார் முன்னால மூச்ச அடக்கிக்கிட்டு முழுங்குவேன். எல்லார் வீட்டுலயும் முழுங்குவேன், 'ஆகா ஆகா'ன்னு வேற சொல்லுவேன். உன் வீட்டுல மட்டும்தான் ஒதுக்கினேன். உன்கிட்ட நடிக்க வேணாம்னு இருந்துச்சு. நீ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்னு நெனச்சேன்."

எப்போது 'நீங்க' போய் 'நீ' வந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. ஷமிரான் மடியிலிருந்த கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு அந்தத் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சாமல் வழித்துச் சாப்பிட வைத்துவிட வேண்டும் என்றுதானே இந்த ஒரு மாதமாக உடம்பை வதைத்தாள்?

"அடிப் பாவி" என்றாள் கடைசியில். "எனக்கு உசுருடி அது."

"நீ சாப்பிடு. எனக்கு ஒரு முட்டை பொரிச்சுக் குடு, போதும்."

இன்னொரு கிண்ணம் வாங்கினார்கள்.

திரும்பி வந்தபோது அடுக்களையில் பக்கத்து வீட்டு நஜீபா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் காப்பி. எதிரே ஆண்கள் இருவரும் ஆளுக்கொரு ஊசியோடு வியர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒதீஷோ தன் சட்டைக் கையையும் போட்டியோடு சேர்த்துத் தைத்து வைத்திருந்தான்.

"உன் வீட்டுக்காரர் வந்து கெஞ்சினாரு, அதான் வந்தேன்" என்றாள் நஜீபா, ஷமிரானைப் பார்க்காமல். "வாயால சொல்லித்தான் தருவேன். கைய வைக்க மாட்டேன். நான் கை வச்சா எல்லாம் செங்கல்லாப் போயிடும்."

ஷமிரான் கோட்டைக்கூடக் கழற்றாமல் போய் அவளைக் குனிந்து கட்டிக்கொண்டாள்.

"தப்புதான் நஜீபாக்கா. அன்னைக்கு எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருந்துச்சு."

"அன்னைக்கு மட்டுமா?" என்றாள் நஜீபா. ஆனால் காப்பியைக் கீழே வைத்துவிட்டு அவள் முதுகைத் தடவினாள்.

மாலையில் கோயில் முற்றத்தில் முள் விறகு சடசடவென்று எரிந்தது. ஷமிரான் குடைக்கடியில் பெஹ்னாமின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரிடம் போனதை அவரிடம் சொன்னாள். அவர் கோபிக்கவில்லை. "அடுத்த தடவ என்னையும் கூட்டிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

ஆண்கள் தைத்த பைகளில் பாதி வெந்துகொண்டிருக்கும்போதே பிரிந்துபோயின. காலையில் மூடியைத் திறந்தால் பானைக்குள் அரிசியும் கறியும் கஞ்சியாய்க் கலந்து கிடந்தன. பரவாயில்லை என்று எல்லாரும் கரண்டியால் அள்ளி அள்ளித் தின்றார்கள். ஜந்தார்க் எல்லார் எதிரிலும் பொரித்த முட்டையைச் சாப்பிட்டாள்.

மதியத்துக்கு மேல் ஊர்ச்சனம் வாழ்த்துச் சொல்ல வரத் தொடங்கியது. ஷமிரான் கூடத்தில் அடுப்புக்குப் பக்கத்துச் சோபாவில் சற்றுச் சாய்ந்தாள். அப்படியே கண் அயர்ந்துவிட்டது. யாரோ கம்பளியை இழுத்துப் போர்த்தினார்கள். கதவு திறப்பதும், காலணி கழற்றுவதும், "கிறிஸ்துமஸ் வாழ்த்து" என்று குரல்கள் உள்ளே வருவதும் தூக்கத்தின் ஓரத்தில் கேட்டன.

"மெதுவாப் பேசுங்க, அக்கா தூங்குறா" என்றது ஜந்தார்க்கின் குரல். "உக்காருங்க, காப்பி நான் கொண்டாரேன்."

"பண்டிகையும் அதுவுமா தூங்குறாளா? உடம்பு சரியில்லையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நல்லா இருக்கா" என்றார் பெஹ்னாம். "அதான் தூங்குறா."

எழுந்து, நல்ல கோப்பைகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று சொல்லவேண்டும் என்று ஷமிரான் நினைத்தாள். பிறகு கம்பளியைத் தோள் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுப்பின் வெம்மை பட மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.