இரண்டாவது கையெழுத்து

அரசாங்கம் என்னை மூன்று வருடம் இலவசமாகத் தாதிக்குப் படிப்பித்து, மாதாமாதம் கொடுப்பனவும் தரும். பிறகு அவர்கள் சொல்லும் காலம் வரை நான் அரச ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும். இடையில் வெளிநாட்டுக்கு ஓடினால், பிணைக் கையெழுத்து வைத்த இரண்டு அரசாங்க உத்தியோகத்தர்கள் செலவைக் கட்ட வேண்டும். நல்ல ஏற்பாடுதான், என் அப்பாவுக்கு வாய் இல்லாதிருந்தால்.

என்னைத் தெரிவு செய்த கடிதம் வந்த காலையிலேயே கமலேஸ்வரி மாமி கையெழுத்து வைத்தார். மாமி அரசாங்கப் பள்ளிக்கூட ரீச்சர். இன்னும் ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. பின்னேரம் அப்பா சாம்பல்தீவுத் தேத்தண்ணிக் கடையில் நின்று, "என்ர நிரோஜினி இன்னும் நாலு வருசத்தில லண்டனில நிப்பாள்" என்று அறிவித்தார். லண்டனைப் பற்றி நான் ஒரு நாளும் கதைத்ததில்லை. ஆனால் கடையில் இருந்த பாதிப்பேர் அரசாங்க உத்தியோகத்தர்.

அதன் பிறகு ஊரில் ஒருவருக்கும் எழுதும் கை வேலை செய்யவில்லை. ஒருவர் என்னைக் கண்டதும் சைக்கிளையே திருப்பினார். திங்கட்கிழமை பிணைப் பத்திரம் கொடுக்காவிட்டால் என் இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை இழுத்துக்கொண்டு நகரத்துக்குப் போனேன், தபால் கந்தோரில் வேலை செய்யும் முனீப் வீட்டுக்கு. அப்பாவின் பழைய சிநேகிதர். அவருக்கும் செய்தி போயிருந்தது.

"அண்ணன், புள்ள லண்டன் போறதெண்டு கதை. பிறகு நான் வீட்டையா விக்கிற?"

அப்பா கதிரையில் நெளிந்தார். "லண்டனோ? இவளோ? முனீப், இவளுக்கு இங்கிலீசு துப்பரவா வராது. சோதினையில பெயில்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாதாரண தரப் பரீட்சையில் எனக்கு இங்கிலீசுக்கு ஏ. அந்த ஏ-க்காக நிலாவெளி வரை பஸ்ஸில் போய் இனிப்புக் கொடுத்த மனுசன் சொல்லுகிற கதையா இது!

"மெய்யா மகள்?" என்றார் முனீப்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அங்கிள். பெயில்."

முனீப் பேனையை எடுத்தார். கையெழுத்து வைத்து முடித்ததும் அப்பாவின் தோளில் தட்டினார். "கவலப்படாதீங்க அண்ணன். எல்லாப் புள்ளையும் கெட்டிக்காரியா இருக்க ஏலாதுதானே."

"ஓம்" என்றார் அப்பா. அந்த ஒரு சொல்லுக்கு அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. பெயிலான கவலை என்று நினைத்து, முனீப் எனக்கும் ஆறுதல் சொன்னார்.