உருண்டைக் கற்கள் கிடக்கும் இடம்

நில்டாவுக்கு இரண்டு தோள்பட்டையும் கழன்று விழுவதுபோல் வலித்தது. காலையிலிருந்து ஊர்ப் பொதுவேலையில், மேட்டுப் படிக்கட்டுக்குச் சிமெண்ட் மூட்டை சுமந்தவள் குளிக்காமலே வகுப்புக்கு வந்துவிட்டாள். லீமா நகரத்துக்கு வெளியே, புல் முளைக்காத அந்த மலையடியில் எல்லோருக்கும் இதே பாடுதான். வாரமெல்லாம் கூலி, ஞாயிறு மதியம் பெரியவர்களுக்கான பள்ளிக்கூடம்.

வாத்தியார் யவுரி இளவட்டம். போன வாரம் குடியிருப்பின் வீடுகளை மட்டும் வரையச் சொன்னார். இந்த வாரம் இன்னொரு மெல்லிய தாளில், பெரிய உருண்டைக் கற்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்று புள்ளி வைக்கச் சொன்னார்.

“நாளெல்லாம் சுமக்கிற கல்ல இங்கயும் வந்து பாக்கணுமா?” என்றான் கொத்தனார் எலேயுத்தேரியோ.

“சுமக்கறீங்கண்ணே. அது ஏன் அங்க கிடக்குதுன்னு கேட்டிருக்கீங்களா?”

“நம்ம அஸ்திவாரத்துக்குன்னு கடவுள் போட்டு வச்சாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். பொர்த்துனாத்தா பலமாகச் சிரித்தாள். கட்டட வேலையில் சாரம் சரிந்து இடதுகால் நொறுங்கியவள். மனை பிரித்தபோது குடியிருப்புத் தலைவியாக இருந்த நில்டா, ஊரோடு சண்டை போட்டு, கீழே சமதளத்தில் அகலமான மனையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தாள். மேட்டில் மனை விழுந்தவர்கள் பாறை வெட்டியே ஓய்ந்தார்கள். இன்னும் பொர்த்துனாத்தாவைப் பார்த்துப் பொருமுகிறார்கள்.

வாத்தியார் இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார். வெயில் ஊடுருவியது. புள்ளிகள், மலையிலிருந்து இறங்கும் காய்ந்த ஓடையின் வாயில் ஒடுங்கி, கீழே வர வர விசிறிபோல் விரிந்திருந்தன. மேட்டில் ஒன்றுகூட இல்லை. ஊரே ஆசைப்பட்ட சமதள மனைகள் அத்தனையும் விசிறிக்குள் இருந்தன.

யாரும் சிரிக்கவில்லை.

“தண்ணி உருட்டிட்டு வந்திருக்கு,” என்றான் எலேயுத்தேரியோ. குரல் இறங்கிப் போயிருந்தது.

“ஏது தண்ணி? நான் வந்த நாளா இங்க தூறலைத் தாண்டி ஒண்ணும் விழுந்ததில்ல,” என்றாள் பொர்த்துனாத்தா.

“இங்க விழ வேணாங்கா. மேல, நம்ம கண்ணுக்கே தெரியாத மலையில பெஞ்சா போதும். சேறும் கல்லுமா இந்த வழியாத்தான் இறங்கும். முன்னாடி இறங்கியிருக்கு. இது சமதளமானதே அதாலதான்,” என்றார் வாத்தியார்.

“அந்த மழை எப்ப வரும்?” என்று கேட்டாள் நில்டா.

“ஜனவரியிலயே வரலாம். வராமலும் போகலாம்.”

பக்கத்து வகுப்பில் குழந்தைகள் கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நில்டா எழுந்துபோய் ஜன்னல் தாளில் விரல் வைத்துத் தேடினாள். விசிறியின் நட்ட நடுவில் இருந்தது பொர்த்துனாத்தாவின் வீடு.

“ஏண்டி, நல்ல மனைன்னுதானே சண்டை போட்டுக் குடுத்த?” பொர்த்துனாத்தாவின் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“நல்ல மனைன்னுதான் நெனச்சேன். மேல உச்சியில என் வீட்டுக்கு வந்துடு.”

“இந்தக் காலை வச்சுக்கிட்டு உச்சி வரைக்கும் எப்படி ஏறுவேன்? தினம் நீ தூக்கிட்டுப் போவியா?”

“மேட்டுல முதல் வரிசையில வாங்கித் தரேன். அங்க படி கம்மி.”

“அங்க ஏது காலி மனை?”

காலி மனை ஒன்றுகூட இல்லாத மேட்டின் முதல் வரிசையில், பொர்த்துனாத்தாவுக்கு ஒரு மனை நில்டா கொடுக்க வேண்டிய பாக்கியாக நின்றது.