கணுக்கால் கயிறு

“கத்திய அங்கால வை தம்பி. அவர்ர முடிச்சில இரும்பு படக்கூடாது.”

சீதேவிப்பிள்ளை பாயில் உட்கார்ந்தபடியே சொன்னாள். எழும்பி நின்று சொல்ல வழியில்லை. அவளுடைய இடது கணுக்கால், ஒரு முழப் பச்சை நைலோன் கயிற்றால் புருசனின் வலது கணுக்காலோடு கட்டப்பட்டிருந்தது. புருசன் வினாயகமூர்த்தி விடியற்புறம் நித்திரையிலேயே செத்துப்போயிருந்தார்.

சாமித்தம்பி செத்தவரின் தம்பி. அவனுடைய மீன் வெட்டும் கத்தி ஆரையம்பதி முழுக்கப் பேர்போனது. அதைக் கண்டால் சுறா தானாகவே துண்டுதுண்டாய்ப் பிரிந்து படுக்கும் என்பார்கள்.

“மச்சாள், அண்ணனக் குளிப்பாட்ட வேணும். இந்தக் கோலத்தில கண்டா சனம் என்ன சொல்லும்?”

“நாலு வருசமாச் சொன்னதத்தான் சொல்லும்.”

வாவியின் முகத்துவாரமாவது வருசத்தில் சில மாதம் மண் மூடிக் கிடக்கும். ஊரின் வாய் மூடினதாகச் சரித்திரமே இல்லை. மாட்டைக் கட்டுகிறவன் உண்டு, தோணியைக் கட்டுகிறவன் உண்டு, பெண்சாதியைக் கட்டிப்போட்டுப் படுக்கிறவன் உலகத்திலேயே இவன் ஒருவன்தான் என்று கல்குடா வரைக்கும் கதை போயிருந்தது.

கடல் ஊருக்குள் வந்த அன்று மகள் கண்ணகையின் கையைப் பிடித்திருந்தவர் வினாயகமூர்த்தி. ஆறு வயதுப் பிள்ளையின் கை. அதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “கை வழுக்கும். கயிறு வழுக்காது.” அன்று இரவு முகாமில், யாரோ எறிந்த வலைக்கயிறு ஒன்றை எடுத்துவந்து அவள் காலையும் தன் காலையும் முடிந்துவிட்டுப் படுத்தார்.

அந்த முகாமுக்குக் கொழும்பிலிருந்து மனநலம் பார்க்கிற ஐயா ஒருவர் வந்தார். சேர்ட் பையில் பேனை மட்டும் ஒரு கடைக்குப் போதுமான அளவு இருந்தது. பிறழ்வான நடத்தையை அளக்க நாலு கோல் உண்டு என்றார். பெரும்பாலானோர் செய்யாதது, ஊர் வழமைக்கு ஒவ்வாதது, செய்கிறவருக்கே வேதனை தருவது, அன்றாட வேலையைக் கெடுப்பது. பாவம், முதற் கோலிலேயே வழுக்கிவிட்டார். காகம் சிறகடித்தாலும் அலறி எழும்புகிற முகாமில் யாருமே நித்திரை கொள்ளவில்லை. தறப்பாள் கூரை மேலே போய்க் கீழே வரும்படி குறட்டை விட்டவர் வினாயகமூர்த்தி ஒருவர்தான். விடிந்தால் முடிச்சை ஒரு இழுவையில் அவிழ்த்துவிட்டு வாவிக்கு மீன்பிடித் தொழிலுக்கும் போனார். வேதனை இருந்தது, ஆனால் அது சீதேவிப்பிள்ளையின் கணுக்காலில் இருந்தது. ஐயா அதற்குப் பூச மருந்து கொடுத்துவிட்டு வாகனம் ஏறினார்.

முதல் மாதம் அவள் சண்டை பிடித்தாள். இரண்டாம் மாதம் அழுதாள். பிறகொரு நாள், அவர் கயிற்றைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தான் காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்ததை அவளே கண்டாள்.

இப்போது அவள் குனிந்து முடிச்சைப் பார்த்தாள். இழுத்தாள். இறுகியது. பார்க்கப் பார்க்க அது தெரியாத ஒருவரின் முடிச்சாகிக்கொண்டு வந்தது. அவிழ்த்தது எப்போதும் அவர்தான். அந்த நேரத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள்.

“அக்கா, வெட்ட விடுகா,” என்றாள் தங்கச்சி கேதீஸ்வரி.

“வெட்டினா அவர் எங்கள விட்டிட்டுப் போனதாப் போகும். அவிழ்த்தா, தொழிலுக்குப் போனதாப் போகும்.”

சொல்லிவிட்டு அவள் பிணத்துக்குப் பக்கத்தில் சரிந்து, வழமைபோல இடப்பக்கமாய்ப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டாள். கூடியிருந்த பெண்கள் வாயில் கை வைத்தார்கள்.

கேதீஸ்வரி தன் மகளின் தோளைப் பிடித்தாள். விதுர்ஷா பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிறவள்.

“இது என்ன வருத்தம் மகள்? நீ படிக்கிறதுதானே, சொல்லன்.”

விதுர்ஷா ஒரு விரலை மடக்கினாள். “பெரும்பாலான ஆக்கள் செய்யாத ஒண்டச் செய்தா, அது...”

றோட்டில் வெடித்தது. ஒன்று, பத்து, நூறு. வன்னியில் சண்டை முடிந்துவிட்டதென்று றேடியோ சொன்ன கிழமை அது. சந்தியில் யாரோ சீனவெடி கொளுத்துகிறார்கள். அது புரிவதற்கு முன்பே வீட்டில் இருந்த அத்தனை பேரும் நிலத்தோடு நிலமாகக் குப்புறப் படுத்திருந்தார்கள். சாமித்தம்பி கதவு மூலையில் தலையைப் பொத்திக்கொண்டு கிடந்தான். மூச்சு வாங்கும் கிழவி ஒருத்தி மேசைக்குக் கீழே போயிருந்தாள்; அவள் நடந்தே ஆறு மாதம். கத்தி சீமெந்தில் சறுக்கிப் பாயருகே வந்து நின்றது.

புகை மணம் உள்ளே வந்தது. முதலில் எழும்ப ஒருவருக்கும் துணிவில்லை. விதுர்ஷாவின் கன்னம் நிலத்தில் ஒட்டியிருந்தது. ஒரு விரல் இன்னும் மடங்கியே இருந்தது. அவளுடைய கண்ணுக்கு நேரே, கண்ணைத் திறக்காத பெரியம்மாவின் விரல்கள் கயிற்றில் மெதுவாக நடந்துகொண்டிருந்தன. மேலே ஒன்று, அடியால் ஒன்று, பிறகு ஒரு இழுவை.

கயிறு பாயில் விழுந்தது.

“மற்றதுகளையும் சொல்லன்,” என்றாள் கேதீஸ்வரி, நிலத்தில் கிடந்தபடியே.

“எழும்புங்கம்மா. பெரியப்பாவுக்குத் தண்ணி அள்ளுவம்.”

குளிப்பாட்டி வேட்டி உடுத்தினார்கள். கால் பெருவிரல் இரண்டையும் வெள்ளைத்துணி நாடாவால் சேர்த்துக் கட்டுவது வழமை. அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. கேதீஸ்வரி நாடாவை எடுத்துக் குனிந்தாள்.

“தா இஞ்ச,” என்றாள் சீதேவிப்பிள்ளை.

கண்ணை மூடிக்கொண்டு கட்டினாள்.

பின்னேரம் ஆண்கள் மயானத்திலிருந்து திரும்பி வந்தார்கள். சாமித்தம்பி கிணற்றடிக்கு வந்து தயங்கி நின்றான்.

“மச்சாள், மண் போட முதல் கால்விரல் முடிச்ச அவிழ்க்க வேணும் எண்டுறது. எல்லாரும் பார்த்தம். ஒருவராலயும் ஏலாமப் போச்சு. கத்தியையும் காணல்ல. அப்பிடியே தாட்டுப்போட்டு வந்தம்.”

“ஓம் தம்பி.”

அவள் வாளியை இழுத்துக் காலில் தண்ணீர் ஊற்றினாள். இடது கணுக்காலைச் சுற்றி, வெயில் படாத தோல் வளையம்போல வெளுத்துக் கிடந்தது. அதில் மட்டும் சவர்க்காரம் போடாமல், சேலைக் கரையை இறக்கிவிட்டாள்.