பச்சை பூசிய கொக்கி

லாரி தயாரிக்கும் கம்பெனியின் பழுதுபார்க்கும் கூடத்து வாசலில் தன் லாரியை நிறுத்திவிட்டு, டிரைவர் பாலிஷ் அதன் முன்கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தார். வீட்டில் வைத்த பெயர் வேறு; இது சக டிரைவர்கள் வைத்தது. எங்கே போய் லோடு இறக்கினாலும், பசி உயிர் போனாலும், வண்டியைத் துடைக்காமல் சாப்பிட உட்காரமாட்டார் மனுஷன். வாங்கும்போது அது மூன்று கை மாறி வந்த வண்டி. துருவும் நசுங்கலுமாக இருந்ததைத் தேய்த்து, தட்டி, பச்சை அடித்து, புது மாப்பிள்ளை மாதிரி ஆக்கி வைத்திருந்தார்.

"போதும் விடுங்க. கண்ணாடி தேஞ்சிடப் போகுது," என்றாள் கேபினுக்குள் இருந்த மனைவி. "வண்டியைச் சோதிக்கத்தானே வரச் சொன்னாங்க, போட்டோ புடிக்கவா?"

"வர்றவங்க கண்ணுக்கு லட்சணமா இருக்கணும்ல."

அவளுடைய இடது புருவத்துக்கு மேல் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது. இந்த மாதிரி லாரிகளில் இன்ஜினைப் பார்க்கவேண்டும் என்றால் டிரைவர் உட்காரும் கேபினையே முன்னால் கவிழ்க்க வேண்டும். மற்ற நேரத்தில் அது கவிழாமல் பின்பக்கம் ஓர் இரும்புக் கொக்கி பிடித்துக்கொண்டிருக்கும். போன மாதம் ஓர் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியபோது அந்தக் கொக்கி பிளந்து விரிந்துகொண்டது. கேபின் அப்படியே முன்னால் கவிழ்ந்தது. கண்ணாடியில் வானம் போய் வெறும் தார் தெரிந்தது. பாலிஷ் எப்படியோ வண்டியைச் சுவரோரமாக உரசி நிறுத்தினார். அவள் மண்டை கண்ணாடியில் மோதியிருந்தது.

உதவிக்கு வந்த மெக்கானிக் பிளவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே இரும்பு பொத்தல் பொத்தலாக இருந்தது. "இது தேஞ்சு உடைஞ்சது இல்லண்ணே. கம்பெனியில வார்க்கும்போதே காத்து அடைச்சிருக்கு," என்றார். கொக்கி வெளியே கிடைக்கிற பொருள் இல்லை. கம்பெனி கொடுத்தால்தான் உண்டு. அன்றிலிருந்து வண்டி வீட்டு வாசலில் நின்றது. லோடு பிடிப்பவள் அவள், ஓட்டுபவர் அவர். வண்டி நின்றால் இரண்டு பேர் பிழைப்பும் நின்றது. நடையாய் நடந்து, போனில் கெஞ்சி, சண்டை போட்டு, கடைசியில் ஆள் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொள்ள வைத்ததும் அவள்தான். இன்று பாலிஷே கேபினைச் சங்கிலியால் இழுத்துக் கட்ட, மாட்டு வண்டி வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக அந்தச் சங்கிலியையும் கழற்றிச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டார் பாலிஷ். பார்க்க அசிங்கமாக இருந்ததாம்.

சோதிக்க வந்த அதிகாரி சின்ன வயசுக்காரர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டார்ச். கேபினுக்குப் பின்னால் போய்க் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"விரிசல்னு எழுதியிருந்தீங்க. எங்கே இருக்கு?"

அவள் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தாள். பிளவு இருந்த இடமே தெரியவில்லை. பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்து, வண்டி நிறத்திலேயே பச்சை பூசியிருந்தது. நேற்று சாயங்காலம் முழுக்க இந்த மனுஷன் வண்டிக்குப் பின்னாலேயே கிடந்தது எதற்கு என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

"ஐயோ, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க," என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கண்றாவியா இருந்துச்சு. நாலு பேர் முன்னால அப்படியே கொண்டாந்து நிறுத்த மனசு வரல," என்றார் பாலிஷ். சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. "இருங்க சார், ஒரு நிமிஷத்துல சுரண்டிக் காட்டிடறேன்."

"இனிமே சுரண்டினா, நீங்க பண்ணின விரிசல்னுதான் எழுதுவேன்," என்றார் அதிகாரி. "நீங்க கை வச்ச பாகத்துக்கு கம்பெனி பொறுப்பு ஏத்துக்காது. பழைய வண்டி வேற. முன்னாடி வச்சிருந்தவங்க எப்படிப் போட்டு அடிச்சாங்களோ. இந்த மாடல்ல இதுவரைக்கும் ஒரு புகார் கிடையாது. உங்க ஒரு வண்டிக்குத்தான் இப்படி."

அவள் புருவத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு நிதானமாகக் கேட்டாள். "அப்ப வண்டியில எந்தக் குறையும் இல்ல?"

"எங்களைப் பொறுத்தவரைக்கும் இல்ல."

"சந்தோஷம் தம்பி. ஏறுங்க. எதிர்ல இருக்கிற இறக்கத்துல ஒரு சுத்து போயிட்டு வந்திடலாம்." கேபின் கதவைத் திறந்து, தான் உட்காரும் இருக்கையைத் துண்டால் தட்டினாள். "இங்க உக்காருங்க. இது என் சீட்டு."

அதிகாரி கைப்பிடியில் கை வைத்தார். பின்பக்கக் கொக்கியைத் திரும்பிப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

"எனக்கு மீட்டிங் இருக்கு."

"பிரேக் ஒரே தடவைதான் போடுவார்."

தங்கள் வண்டிகளைப் பழுதுபார்க்க விட்டுவிட்டு மரத்தடியில் காத்திருந்த டிரைவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். தண்ணி லாரிக்காரர் வெற்றுப் பாட்டிலால் தொடையைத் தட்டிக்கொண்டே, "சும்மா ஏறுங்க சார். நல்ல வண்டிதானே," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "நீங்க ஏறி எறங்கினாத்தான் நாங்க நம்பி எங்க வண்டியை எடுத்துட்டுப் போவோம்," என்றார் இன்னொருவர். அதிகாரி யாரையும் பார்க்காமல் மாடிப்படி ஏறிப் போனார். மேலே கண்ணாடி அறைக்குள் அவர் போனில் பேசுவதும், நடப்பதும், மறுபடி பேசுவதும் கீழே எல்லோருக்கும் தெரிந்தது.

மதியம் அவர்களைக் கூப்பிட்டார்கள். குறை கம்பெனியுடையது இல்லை. ஆனாலும் நல்லெண்ணத்தின் பேரில் புதுக் கொக்கி மாட்டித் தருகிறார்கள். இதைப் பற்றி வெளியில் யாரிடமும் பேசக் கூடாது, அதற்குக் கையெழுத்து வேண்டும். அதிகாரி சொல்லி முடிப்பதற்குள் பாலிஷ் பேனாவைக் கேட்டு வாங்கிவிட்டார்.

"நல்லெண்ணமாமே," என்றாள் அவள் படியிறங்கும்போது.

"எந்த எண்ணமோ இருந்துட்டுப் போகட்டும். வண்டி ஓடும்ல."

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. புதுக் கொக்கி பழையதைப்போல இரண்டு மடங்கு கனம். பாலிஷ் அதைத் தட்டிப் பார்த்தார், தொங்கிப் பார்த்தார். கூடத்துக்குள்ளேயே வண்டியை நகர்த்திச் சடாரென்று பிரேக் போட்டார். கேபின் இம்மிகூட அசையவில்லை. அவளுக்கு ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. நாளைக்கே லோடு இருக்கிறதா என்று போனில் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"இது மட்டும் கறுப்பா நிக்குது. ஒரு பூச்சு பூசிட்டா..." என்று இழுத்தார் பாலிஷ்.

"பச்சை டப்பாவைத் தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன்," என்றாள் போனைக் கையால் மூடிக்கொண்டு. சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை. அவரும் சிரித்துக்கொண்டே கை கழுவக் கூடத்துக்குப் பின்பக்கம் போனார்.

குழாய்க்குப் பக்கத்தில், சுவரோரமாக, பழைய இரும்பு அவர் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தது. சோப்பைத் தேய்த்தபடியே பார்த்தார். மேலாகக் கிடந்த பச்சைக் கொக்கி அவருடையது. கழற்றும்போது பட்டி உதிர்ந்து பிளவு வாயைத் திறந்திருந்தது. அதற்கடியில் இருந்தவையும் கொக்கிகள். எல்லாம் அதே இடத்தில் பிளந்தவை. ஒன்றில் கம்பி சுற்றியிருந்தது. ஒன்றில் யாரோ பற்றவைத்துப் பார்த்திருந்தார்கள். ஒன்றில் குழந்தைச் சட்டைத் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தது.

"என்னங்க, வரலையா? லோடு கெடைச்சிருச்சு," என்று முன்பக்கமிருந்து அவள் கூப்பிட்டாள்.

கூடத்துப் பையன் ஒருவன் இன்னொரு கொக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "கொஞ்சம் தள்ளிக்கோங்கண்ணே," என்று சொல்லிக் குவியலின்மேல் போட்டான். அது சரிந்து வந்து பச்சைக்குப் பக்கத்தில் நின்றது. பாலிஷின் கையில் சோப்பு காய்ந்துகொண்டிருந்தது.