காப்பும் கம்பிச் சில்லும்

சீவரத்தினம் முதலாளியின் கராச்சில் வேலை செய்த கதிரவேலுவும் செபநாயகமும் ஒருவரோடொருவர் கதைத்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. பழைய கார்களின் பெயின்றை உரித்து எடுப்பதுதான் இருவருக்கும் தொழில். ஒரே கூரையின் கீழ், பத்தடி தள்ளித் தள்ளி நின்றார்கள். ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால் செபநாயகம் பெயின்று கரைக்கும் தன் காரச் சோடாப் பீப்பாவைப் பார்த்துச் சொல்வார். கதிரவேலு தன் மோட்டாரைப் பார்த்துப் பதில் சொல்வான்.

பகைக்குக் காரணமே அந்த மோட்டார்தான். உலகச் சண்டை முடிந்து பட்டாளக்காரர் போனபின், அவர்களுடைய சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. முதலாளி அதில் ஒரு மின்சார மோட்டாரை எடுத்துவந்து மேசையில் பூட்டி, அதன் அச்சில் கம்பி மயிர்கள் நிறைந்த வட்டச் சில்லு ஒன்றை மாட்டினார். கரண்டைப் போட்டால் அது சீறிக்கொண்டு சுழலும். விளக்குக் கூட்டையோ கதவுக் கைப்பிடியையோ அதில் அழுத்திப் பிடித்தால், நாலைந்து பூச்சுப் பெயின்றும் தூளாய்ப் பறந்து உள்ளிருக்கும் இரும்பு பளிச்சென்று தெரியும். பெரிய தகடுகளுக்கு மட்டும் பழையபடி சோடாத் தண்ணீர். அது பெயின்றோடு சேர்த்து விரல் தோலையும் தின்னும்.

மூத்த வேலையாள் என்றபடியால் மோட்டார் தனக்குத்தான் என்று செபநாயகம் நம்பியிருந்தார். தன் ஊரான குருநகரில் நாலு பேருக்குச் சொல்லியும் விட்டிருந்தார். முதலாளியோ அதைக் கதிரவேலுவின் கையில் கொடுத்துவிட்டார். அவன் பின்கதவால் போய்க் கேட்டு வாங்கினான் என்று செபநாயகம் ஊரெல்லாம் சொன்னார். கதிரவேலு கேட்கவில்லை. ஆனால், கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை போய்ச் சொல்லவும் அவனுக்கு மனம் வரவில்லை. சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

கௌரி விரதம் முடிந்து நாலாம் நாள். கதிரவேலுவின் வலது மணிக்கட்டில் புதுக் காப்பு இருந்தது. இருபத்தொரு இழை, இருபத்தொரு முடிச்சு, மஞ்சள் மணம் இன்னும் போகவில்லை. அவனுடைய மனைவி ஞானாம்பிகை இடக்கையில் கட்டியிருந்தாள். அவளுக்கு ஏழு மாதம். முதல் பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் போய்விட்டது. இரண்டாவது வயிற்றிலேயே கலைந்துபோனது. இந்தமுறை இருவரும் சேர்ந்து இருபத்தொரு நாளும் ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருந்தார்கள். அடுத்த விரதம் வரைக்கும் காப்புக் கையிலே கிடக்கவேண்டும். காலையில் படலையடியில் நின்று அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "நூல் கவனமப்பா."

கராச்சுக்குள் கால் வைத்ததும் செபநாயகத்தின் கண் அந்தக் கையில் விழுந்தது.

"ஏய் பீப்பா, கேட்டியோ?" என்றார் உரத்த குரலில். "உந்தச் சில்லிலை நிக்கிற ஆக்கள் கையிலை கயிறு கட்டிக்கொண்டு நிக்கக்கூடாது. சில்லுக்குச் சாமியும் தெரியாது, பூசையும் தெரியாது."

கதிரவேலுவுக்குச் சுருக்கென்றது. "மோட்டார், நீ ஒண்டுக்கும் யோசியாதை," என்றான். "உன்னிலை ஆசைப்பட்டு அலைஞ்சவைக்கு இண்டைக்கு ஒரு சாட்டுக் கிடைச்சிருக்கு. கழுத்திலை கிடக்கிற செபமாலையை முதல்லை அவை கழட்டட்டும்."

"பீப்பா, செபமாலை சட்டைக்குள்ளை கிடக்கு. சட்டைக்கு மேலை காட்டிக்கொண்டு திரியேல்லை."

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். சுன்னாகத்திலிருந்து கோர்ட்டுக்குப் போகும் புரொக்டர் ஒருவரின் கார் வெள்ளிக்கிழமைக்குள் போகவேண்டிய அவசரம் அவருக்கு. அவர் ஒரு தோல் கையுறையைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். "இதை மாட்டடா. நூலும் மறையும், கையும் தப்பும்."

"மாட்டுத் தோலையோ? காப்பிலை முட்டவிடுறதோ, முதலாளி?"

"அப்ப மோட்டாரைச் செபநாயகத்திட்டைக் குடு."

செபநாயகம் குனிந்து பீப்பாவைத் தடியால் கிண்டத் தொடங்கினார். குனிந்த முகத்தில் ஒரு சிரிப்பு இருப்பதாகக் கதிரவேலுவுக்குப் பட்டது. இறங்கிப்போய்ச் சோடாப் பீப்பாவடியில் நிற்கலாம். ஒரு வருடம்தானே. ஆனால் அவர் முன்னாலா?

"நான் பாத்துக்கொள்ளுறன்," என்றான். தோளில் கிடந்த சால்வையில் ஒரு துண்டைக் கிழித்தான். அதைத் துப்புரவான தண்ணீரில் நனைத்து, காப்பை மூடி மணிக்கட்டில் சுற்றி நுனியைச் செருகினான். நனைந்த துணி தீட்டுமில்லை, இறுக்கமாகவும் இருக்கும் என்பது அவன் கணக்கு.

"பீப்பா, சீலை நூலைவிடக் கேடு," என்றார் செபநாயகம்.

கதிரவேலு கரண்டைப் போட்டுவிட்டான்.

இரண்டு கதவுக் கைப்பிடியும் ஒரு விளக்குக் கூடும் முடிந்தன. கறுப்புத் தூள் மூக்கிலும் கண்ணிமையிலும் படிந்தது. மோட்டாரின் வெக்கையில் துணி காய்ந்து நுனி நெகிழ்ந்ததை அவன் கவனிக்கவில்லை. மற்ற விளக்குக் கூட்டின் உட்பக்கத்தைக் காட்டக் கையைத் திருப்பினான். சில்லு துணியின் நுனியைக் கவ்வியது.

கத்துவதற்குக்கூட நேரம் இருக்கவில்லை. துணி சுற்ற, மணிக்கட்டு இழுபட்டுப் போய்க் கம்பியில் மோதியது. சுவரில் கரண்ட் ஆளியை யாரோ தட்டி அணைக்கிற சத்தம் கேட்டது. கரண்ட் நின்றும் சில்லு நிற்கவில்லை. ஒரு வெறுங்கை குறுக்கே பாய்ந்து அதை இறுக்கிப் பிடித்தது. சோடா தின்ற, நகம் கரைந்த கை. சில்லு அதன் தோலைச் சீவிக்கொண்டு நின்றது.

செபநாயகத்தின் மூன்று விரல்களிலிருந்து இரத்தம் மேசையில் சொட்டியது. அவர் மற்றக் கையால் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தார். துணியைக் கீறி விலக்கினார். அடியில் மஞ்சள் நூல் கம்பி மயிர்களுக்குள் சிக்கி விறைத்து நின்றது. மணிக்கட்டை அசைக்க வழியில்லை.

"வெட்டி விடும்!" என்று முதலாளி கத்தினார். "வெட்டிப்போட்டு ஆளை இழும்!"

கத்தி நூலுக்குக் கிட்ட வந்தது.

"அண்ணை, வெட்டாதேங்கோ!" கதிரவேலு இடக்கையால் கத்தியைத் தடுத்தான். "செபநாயகம் அண்ணை, அது என்ரை பிள்ளைக்குக் கட்டினது. முதல் ரண்டும் செத்துப்போச்சுது அண்ணை. இது மூண்டாவது."

செபநாயகம் அவன் முகத்தைப் பார்த்தார். ஒரு வருடத்தில் முதல்தரம். பிறகு கத்தியை மேசையில் வைத்தார்.

"எனக்கென்னெண்டு தெரியும்?" என்றார் கோபத்தோடு. "வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும். குறடொண்டு எடுங்கோ முதலாளி."

குறடு வந்தது. அவர் நூலைத் தொடவில்லை. நூலைப் பிடித்திருந்த கம்பி மயிர்களை ஒவ்வொன்றாகக் குறட்டால் பிடுங்கினார். பிடுங்கும்போதெல்லாம் அவருடைய விரலிலிருந்தும் இரத்தம் கசிந்தது. நூலில் அது படாதபடி கையைச் சரித்துப் பிடித்துக்கொண்டார்.

"உப்பிடிப் பிடுங்கினால் சில்லு மொட்டையாப் போமெல்லோ! வெள்ளிக்கிழமை புரொக்டருக்கு நான் என்ன சொல்லுறது?" என்றார் முதலாளி.

"மொட்டைச் சில்லு எண்டு சொல்லுங்கோ. டேய், கையை ஆட்டாதை. எருமை மாதிரி இழுக்கிறாய்."

கதிரவேலு ஆட்டவில்லை. கோயிலில் தீபாராதனைக்கு நிற்பவன் போல மூச்சை அடக்கி நின்றான். தன் தெய்வத்தின் நூலை வேறொரு சமயத்து மனிதர் இத்தனை பக்குவமாக எடுப்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். தன் வீம்பு எவ்வளவு சின்னது என்பதும் அவனுக்குத் தெரிந்தது.

அரை மணிக்குமேல் சென்றது. கடைசிக் கம்பியும் வந்தது. மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. செபநாயகம் குனிந்து பார்த்தார்.

"ஒரு இழை அறுந்துபோச்சுது. மற்றதெல்லாம் கிடக்கு. முடிச்சும் கிடக்கு."

கதிரவேலு சால்வையில் மிச்சத்தைக் கிழித்து அவருடைய விரல்களைச் சுற்றிக் கட்டினான். "நான் கேட்டு வாங்கேல்லை அண்ணை," என்றான் குனிந்தபடியே. "மோட்டாரை. முதலாளி தான் தந்தவர்."

"இதைப் போன வருசமே சொல்லியிருக்கலாம்," என்றார் செபநாயகம். குரலில் இன்னும் காரம் இருந்தது. கட்டு முடிந்ததும் அவர் கதிரவேலுவைத் தோளால் இடித்து மேசையடியிலிருந்து விலக்கினார்.

"என்ரை விரல் ஆறினோடனை சில்லு எனக்கு. அந்த நூல் கையிலை கிடக்குமட்டும். பிறகு நீ எடு, எனக்கு வேண்டாம். போ, பீப்பாவடிக்குப் போ. காப்பிலை சோடா படாமல் இடக்கையாலை மட்டும் பிடி, தடியாலை கிண்டு. சுவராணியிலை நல்லெண்ணெய்ப் போத்தில் தொங்குது. முழங்கை வரைக்கும் பூசிப்போட்டு வேலையைத் துடங்கு. இல்லாட்டி நாளைக்குத் தோல் இராது."

கதிரவேலு போய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினான்.