குன்றின் மேல் பச்சை

ஊரில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காத்தக்கா, அவ்வளவுதான். குன்றின் உச்சியில் காற்றின் தூசியை அளக்கும் கருவிக்கு அவள்தான் பொறுப்பு. பச்சை காட்டினால் பள்ளிப் பிள்ளைகள் மைதானத்தில் ஓடலாம், சிவப்பு காட்டினால் வகுப்பைவிட்டு வெளியே வரக் கூடாது. காலையில் கருவி காட்டும் எண்ணைச் செல்போனில் பார்த்து அவள் பேசி அனுப்புவதைத்தான் பள்ளி ஒலிபெருக்கியில் போடுவார்கள்.

அன்று விளையாட்டு விழா. அவள் மகளுக்கு வாலு என்று பட்டப்பெயர், குணமும் அதற்கேற்றதுதான். மூச்சிரைப்பு உள்ள பிள்ளை. ஆனாலும் ஓடியே தீருவேன் என்று வருடம் பூராவும் அப்பாவோடு பயிற்சி. அப்பாதான் அந்தப் பள்ளியின் விளையாட்டு வாத்தியார்.

"அம்மா, இந்த டவுசர்ல பாக்கெட்டே இல்ல. பஃப்ப எங்க வெக்கிறது?"

"பச்சைதான்டி காட்டுது. இன்னிக்கு அது எதுக்கு? என்கிட்ட குடு."

மூச்சு மருந்தை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, கருவியைத் துடைத்துவிட்டு வரக் குன்றுக்கு ஸ்கூட்டரை எடுத்தாள். தெருவெல்லாம் சாம்பல் நிறம். குளிர்காலப் பனி, வெயில் ஏறினால் போய்விடும் என்று நினைத்தாள்.

வெயில் ஏறியது. பனி போகவில்லை.

உச்சியில் நின்று கீழே பார்த்தாள். சுற்றிலும் மலை, நடுவில் சட்டிபோல ஊர். செங்கல் சூளைகளின் புகை நேராக எழும்பி, பாதி மலை உயரத்தில் எதிலோ முட்டியதுபோல மடங்கி, பக்கவாட்டில் பரவி, ஊர்மேலேயே படிந்துகொண்டிருந்தது. குளிர்ந்த காற்று அடியில் தங்கிவிடும், சூடான காற்று மேலே மூடிபோட்டு உட்காரும், புகைக்குப் போக்கிடம் இருக்காது. இதையெல்லாம் சட்டியும் தட்டும் வைத்து ஊருக்கே பாடம் நடத்தியவள் இவள்தான். ஆனால் கருவி அந்த மூடிக்கு மேலே இருக்கிறதே, கீழே தேங்கும் புகை அதற்கு எப்படித் தெரியும்? கீழே வைத்தால் ஆடு வயரைக் கடிக்கிறது என்று கோடையில்தான் மேலே ஏற்றினார்கள், அதுவும் இவள் யோசனைப்படி. கோடைக் காற்று சட்டியையே துடைத்துவிட்டுப் போகும், மேலும் கீழும் ஒரே எண். கருவி மேலே வந்தபின் முதல் குளிர்காலம் இதுதான். விளக்குக்கு அடியில் இருட்டு என்பது இதுதான் போலிருக்கிறது.

கருவி பச்சையாகச் சிரித்தது. கணவருக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. தலைமையாசிரியை எடுத்தார்.

"மேடம், ஓட்டத்த நிறுத்துங்க!"

"ஏம்மா, சிவப்பாயிடுச்சா?"

"இல்ல, பச்சைதான். ஆனா..."

"அப்புறம் என்ன? பெத்த மனசு, பதறத்தான் செய்யும். உங்க வீட்டுக்காரர்தான் பக்கத்துலயே நிக்கிறாரே. இந்தா, உங்க பொண்ணு கோட்டுக்கிட்ட வந்துட்டா பாருங்க!"

விசில் சத்தம் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

ஸ்கூட்டர் இறக்கத்தில் பறந்தது. இரண்டாவது வளைவில் வெயில் அணைந்து, சூளைப் புகை நெடி தொண்டையில் ஏறியது. ஹெட்லைட் போட்டும் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. கைப்பை இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது. பாவி, பாவி, பிள்ளை கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்தேனே என்று வாய்விட்டு அழுதாள். கண்ணைத் துடைக்கக்கூட ஒரு கையை எடுக்க முடியவில்லை.

மைதானத்தில் கணவர் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் வாலு. உதடு நீலம் பாரித்து, கழுத்துக் குழி உள்வாங்கி, ஒவ்வொரு மூச்சும் விசிலடித்தது.

"பையில பஃப் இல்லடி! பை முழுக்கத் தேடிட்டேன்!"

அவள் கைப்பையைத் திறந்தாள். மருந்தைக் குலுக்கி மகள் வாயில் வைத்தாள். "இழு கண்ணு. இழு. இன்னொண்ணு." கணவர் மகளின் முதுகை நிமிர்த்திப் பிடித்தார். நான்காவது முறைக்குப் பிறகுதான் விசில் கொஞ்சம் இறங்கியது. உதட்டில் நிறம் வரத் தொடங்கியது.

"ஆஸ்பத்திரிக்கு வண்டி வருது," என்றார் கணவர். பிறகு மெதுவாகக் கேட்டார். "நீ பச்சைன்னுதானே சொன்னே?"

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அந்தப் பக்கம் அடுத்த ஓட்டத்துக்குச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். இரண்டு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். கணக்கு வாத்தியார் கணவரின் விசிலை வாயில் வைத்திருந்தார். காத்தக்கா எழுந்து ஓடி, கோட்டுக்கு முன்னால் கையை விரித்து நின்றாள்.

"யாரும் ஓடாதீங்க! எல்லாரும் உள்ள போங்க!"

"என்னக்கா இது? பச்சைன்னு சொன்னதே நீங்கதானே?"

"நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். எம்மேலதான் தப்பு."

பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள், பிறகு ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். அது அவள் குரலில் காலையிலிருந்து சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது: "இன்று நம்ம ஊர்க் காற்று சுத்தமா இருக்கு. பிள்ளைகள் தாராளமா ஓடலாம்."

"ஐயோ, யாராவது அந்தப் பொம்பள வாய மூடுங்களேன்!" என்று அலறினாள் காத்தக்கா.