கருந்துளையாரைச் சாகடிக்கும் மூட்டை

கருந்துளையாரை இன்று சாகடிக்கப் போகிறார்கள் என்ற சேதி காதில் விழுந்ததிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கருந்துளையார் வேறு யாருமில்லை, அவரேதான். வாரம் ஒருமுறை வானொலியில் வரும் விண்வெளி நாடகத்தில், நட்சத்திரங்களை முழுங்கி ஏப்பம் விடும் வில்லன். மற்ற நாளெல்லாம் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து, வீங்கின கன்னத்தோடு வருகிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற மனிதர்.

அங்கே கொஞ்சம் உட்காருங்கள் என்று அவர் சொன்னால் ஒருவரும் உட்கார மாட்டார்கள். அதே குரலை மைக் முன்னால் அடித்தொண்டைக்கு இறக்கினால் ஏழு கிரகங்கள் மண்டியிடும். இந்த ருசி கண்ட மனிதரிடம் போய் இன்றோடு சரி என்றால் தாங்குமா?

காரணம் எல்லாருக்கும் தெரியும். நேயர்கள் வில்லனைத்தான் விசாரிக்கிறார்கள், கதாநாயகனைச் சீந்துவாரில்லை. கதாநாயகனோ எழுத்தாளரின் சொந்த மச்சான். அக்காவிடம் போய்க் கண்ணைக் கசக்கியிருப்பான், எழுத்தாளர் பேனாவை எடுத்துவிட்டார்.

ஆனால் வானொலியில் ஒருவனைக் கொல்வது அவ்வளவு லேசில்லை. யார் கண்ணால் பார்க்கிறார்கள்? துப்பாக்கி வெடித்தாலும் சரி, ஆள் அலறினாலும் சரி, தொப்பென்று விழுகிற சத்தம் கேட்டால்தான் நேயர் நம்புவார். அந்தத் தொப் ஒரு மணல் மூட்டை. அதைப் போடுகிறவள் அவருடைய சொந்தப் பெண்டாட்டி. கதவு, மழை, ராக்கெட், வில்லனின் இரும்புப் பூட்ஸ் என்று அந்த நாடகத்தின் சத்தமெல்லாம் அவள் கைவேலைதான்.

பஸ்ஸில் போகும்போதே கெஞ்சிப் பார்த்தார். மூட்டையைப் போட மறந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும், நேரடி ஒலிபரப்புதானே, திருப்பி எடுக்கவா போகிறார்கள் என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாளில் எழுதியிருக்கிற சத்தத்தைப் போடுவதுதான் தன் வேலை என்றும், வீட்டில் ஒரு பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கத் தெரியாதவர் தன் தொழிலில் மூக்கை நுழைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்டுடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் பலகையை ஓங்கி அறைய, மச்சானின் துப்பாக்கி வெடித்தது. கருந்துளையார் சாகத் தொடங்கினார். சாதாரணச் சாவா அது! முனகினார், இருமினார், பிரபஞ்சத்தைச் சபித்தார், தாளில் இல்லாத இரண்டு கிரகங்களை உயில் எழுதி வைத்தார். கண்ணாடிக்கு அப்பால் எழுத்தாளர் விழு, விழு என்று கையைக் கீழே காட்டிக்கொண்டே இருந்தார். சாவதற்கும் ஒரு அளவு இருக்கிறதே. மூச்சு தீர்ந்துபோய், மனைவியைப் பார்த்தார்.

அவள் மூட்டையைத் தோளுக்குமேல் தூக்கியிருந்தாள். என்ன நினைத்தாளோ, தூங்குகிற குழந்தையை இறக்குவதுபோல அதை மெல்லத் தரையில் வைத்தாள். இரும்புப் பூட்ஸை எடுத்து இரண்டு கைகளிலும் மாட்டிக்கொண்டாள்.

டங். டங். டங்.

குண்டடி பட்ட கருந்துளையார் எழுந்து, அவசரமே இல்லாமல் நடந்து வெளியே போனார். கை இரண்டிலும் பூட்ஸ் இருந்ததால், சத்தத்துக்கென்று நிறுத்தியிருந்த கதவை அவள் முழங்கையால் இடித்துச் சாத்தினாள். மச்சான் திகைத்துப்போய், ஐயோ போறானே என்று சொந்தமாக ஒரு வசனம் விட்டான். அந்த நாடகத்திலேயே அவன் உணர்ச்சியோடு பேசிய ஒரே வசனம் அதுதான். எழுத்தாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

விளக்கு அணைந்ததும் இவர் வாயெல்லாம் பல்லாக அவளிடம் ஓடினார்.

"எனக்காகவா செஞ்ச?"

அவள் பூட்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உங்களுக்காக ஒண்ணுமில்ல. பேச்சுதான் உங்களோடது, இத்தனை நாளா அவன் நடந்த நடையெல்லாம் நான் நடந்தது. என்னை ஒரு வார்த்தை கேக்காம அவனை எப்படிச் சாகடிப்பாங்க?"